காலுறையோடு சேர்த்து

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாளில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
பிள்ளையைப் பிடித்த கைகளுக்குக்
கயிறு பிடிக்க இன்னொரு கை கிடையாது.
மிலென்காவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
முதுகைக் காற்றுக்குக் கொடுத்துப்
பின்பின்னாய் நடந்தே வந்து சேர்ந்தேன்
எடை பார்க்கும் அறைக்கு.
அவளை வெளியே எடுக்கையில்
பொத்தான்கள் இரண்டு தெறித்தன.

தாதி வரவில்லை.
பேருந்தைக் கடற்கரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டார்களாம்.
நாங்கள் ஆறு பேர்.
மடியில் இருப்பவர்களையும் சேர்த்தால் பதின்மூன்று,
நெரேயாவுக்கு இரட்டை.

பேச்சு வழக்கம்போல் மலத்தில்தான் தொடங்கியது.
பச்சையாய்ப் போனது,
மூன்று நாளாய்ப் போகாதது.
விழுங்கிய பொத்தான் முழுசாய் வந்தது, என்றாள் ஒர்ஃபிலியா.
கழுவித் தைத்துவிட்டேன்.
தன் கோட்டின் மூன்றாம் பொத்தானைத் தொட்டுக் காட்டினாள்.

ருபெர்த்தோவின் மகனுக்கு 'இல்லை' மட்டும் வருகிறது.
பால் வேண்டுமா? இல்லை.
குடித்துக்கொண்டே, இல்லை.
நேற்றுத் தூக்கத்தில், தெளிவாக, யாருக்கோ,
இல்லை.

என் மகள் நாயை அம்மா என்கிறாள், என்றாள் யாஸ்னா.
என்னை நாயின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.
போகிறேன். வேறென்ன செய்ய.

ராத்திரி தூங்குகிறதா என்று யாரோ கேட்டதும்
எல்லோரும் கொஞ்சம் பொய் சொன்னோம்.
பரவாயில்லை. எனக்கு
ஒரு காலில் கறுப்பு பூட்ஸ், மறு காலில் பழுப்பு.

எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை.
வியாழக்கிழமை, என்றேன். விடிகாலை மூன்றே கால்.
மனைவிக்கு எரிவாயு ஆலையில் இரவுப் பணி.
இரண்டு மணி நேரமாய் அழுகை.
பால், துணி, வயிற்றுக்கு எண்ணெய்,
சாவிக்கொத்து,
ஜன்னலில் தெருவிளக்கு,
ஒன்றும் செல்லவில்லை.
தொட்டிலில் போட்டேன். கதவைச் சாத்தினேன்.
தெருமுனைக்குப் போய்க்
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அந்தக் காற்றில் அவள் குரல் கேட்காது.
அதற்காகத்தான் நின்றேன்.
ஏழு நிமிடம்.

ஹீட்டர் டிக்கென்றது.
மிலென்கா என் உதட்டை இழுத்து
உள்ளே என்ன என்று பார்த்தாள்.

நான்கு, என்றாள் ஒர்ஃபிலியா.
குளியலறையில். குழாயைத் திறந்துவிட்டு.
நான் காருக்குள், என்றான் ருபெர்த்தோ,
ரேடியோவில் ஆட்டு விலை சொல்லி முடிக்கும் வரை.
அது எவ்வளவு நேரம்?
நம் மாகாணத்தில் ஆடு நிறைய.
நெரேயா விரல் மடக்கிப் பார்த்துவிட்டு,
இரட்டையருக்கு இரண்டால் பெருக்குவதா
வகுப்பதா என்று கேட்டாள்.

மூலையில் ஒரு பெண்,
பேரும் சொல்லியிருக்கவில்லை.
அவள் பிள்ளைக்குப் பதினாறு நாள்.
நான் இன்னும் போனதில்லை, என்றாள்.
போகலாமா?

யாரும் எதுவும் சொல்லவில்லை.
யாஸ்னா தன் மகளை என் மடியில் இறக்கிவிட்டு எழுந்துபோய்
அந்தத் துணிப்பொதியை வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் அவள் நின்றாள்,
கோட்டுகூட இல்லாமல்,
தலைமயிர் முழுக்க ஒரே பக்கமாய்ப் பறக்க.
பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.
மூக்குச் சிவந்து திரும்பி வந்தாள்.
கைகளைத் தேய்த்துத் தேய்த்துச்
சூடானபின்தான் பிள்ளைக்கு நீட்டினாள்.

பிறகு தாதி வந்தாள், தொப்பியைத் திட்டிக்கொண்டே.
என் சீட்டில் 11 என்றிருந்தது.
பாதியை மிலென்கா தின்றிருந்தாள்.
மீதியில் 1.
நாங்கள்தான் முதல், என்றேன்.
சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார்கள்.

ஒன்பது கிலோ இருநூறு, காலுறையோடு சேர்த்து.
கழற்றட்டுமா?
காலுறைக்கென்ன எடை, என்றாள் தாதி,
அட்டையில் எழுதினாள்.
அட்டையில் கட்டம் மிகச் சிறியது.

வெளியே காற்று அப்படியே இருந்தது.
சட்டையை மூடலாமென்று
வாசலில் குனிந்து தேடினேன்.
தெறித்தது இரண்டு. கிடைத்தது ஒன்று.

மிலென்கா
வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.